வெறுங்காலின் வரலாறு: கடற்கரைக் கால்பந்தும் இந்திய அணியும்

காலணி அணிந்து ஆடக்கூடாது என்பதை விதியாகவே எழுதி வைத்திருக்கும் பன்னாட்டுக் கால்பந்து ஒன்று உண்டு. கடற்கரைக் கால்பந்து என்பது அதன் பெயர். கணுக்காலிலும் பாதத்திலும் துணிப்பட்டை சுற்றிக்கொள்ளலாம். கண் கூசுமாயின் பாதுகாப்பான கண்ணாடி அணியலாம். காலணிக்கு மட்டும் அங்கே இடமில்லை. வெறுங்காலோடு ஆடியதனாலேயே உலகக் கால்பந்தின் பழங்கதைகளில் இடம்பெற்ற நாடு எது என்று கேட்டால், விளையாட்டு வரலாறு அறிந்த எவரும் இந்தியா என்றே விடை சொல்வர். அந்நாட்டின் அணி, வெறுங்காலே விதியாகிய ஆட்டத்தில் என்ன சாதித்தது? 2007ஆம் ஆண்டு ஆசியப் போட்டியில் ஆடியது. பின்னர் 2025இல்தான் அப்போட்டிக்குத் திரும்பியது. இடையே 18 ஆண்டுகள் வெறுமையாகக் கழிந்தன.

வெறுங்காலும் உண்டு, 7,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரையும் உண்டு. வரலாறு மட்டும் ஏன் இல்லாமற் போயிற்று என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

மணலும் விளையாட்டும்

தமிழ் படித்தோர்க்கு மணலும் விளையாட்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும். நெய்தல் நிலத்து மகளிர் மணலில் வண்டல் இழைத்தும், நண்டு அலைத்தும் விளையாடியதைச் சங்கப் பாடல்கள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து மணல்திட்டில் வீரர்கள் கைகலந்து பொருத காட்சியை வரைகிறது. சீர்காழியிலிருந்து கிழக்கே சென்றால் அரை மணி நேரத்தில் எட்டிவிடும் கரை அது. மணல்மேல் ஆடுவது நமக்குப் புதிதன்று. ஆனால், ஆடுவது வேறு. ஆட்டத்துக்கு அளவும் விதியும் அட்டவணையும் வகுப்பது வேறு. இரண்டாவது வேலையைச் செய்தவர்கள் பிரேசில் நாட்டினர்.

இரியோ டி செனீரோ நகரத்துக் கோப்பகபானா கடற்கரையில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முதலே மணற்கால்பந்து ஆடப்பட்டு வந்தது. எத்தனை பேர், எவ்வளவு நேரம், எவ்வளவு இடம் என்ற வரையறை ஊருக்கு ஊர் மாறியது. 1992இல்தான் பொதுவான விதிகள் வகுக்கப்பட்டன. 1993இல் அமெரிக்காவின் மயாமி கடற்கரையில் முதல் தொழில்முறைப் போட்டி நடந்தது. 1995இல் கோப்பகபானாவில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. பெருங்களத்தில் புகழ் ஈட்டிய சீக்கோவும் சூனியரும் அதில் மணலில் இறங்கி ஆட, பிரேசில் வென்றது.

ஆட்டத்தின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். களம் ஏறத்தாழ 36 மீட்டர் நீளமும் 27 மீட்டர் அகலமும் உடையது. மணலின் ஆழம் குறைந்தது 40 செண்டிமீட்டர் இருத்தல் வேண்டும். ஓர் அணிக்குக் கோல்காப்பாளர் உட்பட ஐவர். தலா 12 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகள். வீரர்களை எத்தனை முறை வேண்டுமாயினும் மாற்றலாம். தண்ட உதை கிடைத்தால் எதிரணியினர் சுவர்போல் வரிசை கட்டி நிற்க இயலாது. ஆட்டம் சமனில் முடிவதும் இல்லை. கூடுதல் நேரத்திலோ, அதன்பின் நேருதைகளிலோ வெற்றி தோல்வி முடிவாகியே தீரும்.

புல்தரையில் பந்து உருளும். மணலில் உருளாது, குழியில் சிக்கும், எதிர்பாராத திசையில் துள்ளும். ஆகவே தேர்ந்த வீரன் பந்தைத் தரையில் விடுவதில்லை. கால்விரல்களை வளைத்து மணலோடு பந்தைக் கிண்டி எடுத்து அந்தரத்தில் ஏந்துகிறான். விழுமுன் அடுத்தவனுக்குத் தருகிறான். மல்லாந்து விழுந்தவாறே தலைக்கு மேலாக உதைக்கிறான். மணல் தாங்கிக்கொள்ளும் என்பதால் வீழ்ச்சிக்கு அஞ்ச வேண்டுவதில்லை. விரல்களுக்கு இவ்வளவு வேலை இருப்பதால் வெறுங்கால் இங்கு வறுமையின் அடையாளமன்று, அதுவே கருவி.

பழைய வெறுங்காலர்கள்

இனி இந்தியாவின் பக்கம் வருவோம். 1911ஆம் ஆண்டு சூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவின் அணியை 2-1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. காலணி அணிந்த ஆங்கிலப் படைவீரரை வென்ற பதினொருவரில் ஒருவர் நீங்கலாக ஏனையோர் வெறுங்காலினர். விடுதலை உணர்ச்சியோடு கலந்துவிட்ட அவ்வெற்றி, வெறுங்காலுக்கு ஒரு காவியத் தன்மையை ஏற்றிவிட்டது.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம் 1948 சூலை 31 அன்று இலண்டனை அடுத்த இல்போர்டில் பிரான்சுக்கு எதிராக நடந்தது. அணித்தலைவர் நாகர் இனத்து மருத்துவர் தாலிமேரன் ஆவ். பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். பிரான்சு முதலில் கோல் போட, சாரங்கபாணி இராமன் அதனைச் சமன் செய்தார். விடுதலை இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அது. இரண்டு நேருதைகளை வீணாக்கிய இந்தியா, ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொரு கோல் வாங்கி 1-2 எனத் தோற்றது. தோற்ற அணியைத்தான் இலண்டன் மக்கள் வியந்து பேசினர்.

அடுத்து 1950. பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் இருந்த பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்சு ஆகியவை விலகிக்கொண்டதே காரணம். சுவீடன், இத்தாலி, பராகுவே ஆகியவற்றோடு ஒரே பிரிவில் இடமும் ஒதுக்கப்பட்டது. இந்தியா செல்லவில்லை. வெறுங்காலுடன் ஆடக்கூடாது என்று உலகக் கால்பந்துக் கூட்டமைப்பாகிய ஃபிஃபா தடுத்துவிட்டது என்னும் கதை அன்று முதல் இன்றுவரை பள்ளி வினாடி வினாக்களிலும் செய்தித்தாள் துணுக்குகளிலும் உலவி வருகிறது.

இக்கதை ஆண்டுக் கணக்குக்கே ஒத்துவரவில்லை. 1952இல் எல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்திய வீரர் பலர் வெறுங்காலுடனேயே களமிறங்கினர். 1950இல் வெறுங்காலைத் தடுத்தவர்கள் இரண்டே ஆண்டுகளில் அதனை எவ்வாறு ஒப்புவர்? அன்று இந்தியக் கால்பந்து நிருவாகத்தினர்க்கு ஒலிம்பிக்கே பெரிதாகத் தோன்றியது. உலகக் கோப்பையின் பெருமையை அவர்கள் உணரவில்லை. நெடுந்தொலைவுக் கடற்பயணமும் அவர்களை மலைக்க வைத்தது. பயணச் செலவின் பெரும்பகுதியை ஏற்கப் பிரேசில் முன்வந்தும் அவர்கள் மனம் இசையவில்லை. அந்நாளைய அணித்தலைவர் சைலன் மன்னாவும் பிற்காலத்தில் காலணிக் கதையை மறுத்து, ஒலிம்பிக்கையே தாங்கள் பெரிதாகக் கருதியதைச் சொல்லியிருக்கிறார்.

கதை ஏன் நிலைத்தது என்பது எண்ணத்தக்கது. "போகவில்லை" என்பதைவிட "போக விடவில்லை" என்பது கேட்பதற்கு இனிது. முன்னது நம் பொறுப்பு. பின்னது பிறர் குற்றம். வெறுங்காலைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே, நிருவாகத்தின் அசட்டையை அதன் பின்னே ஒளித்துவிட்டோம்.

எல்சிங்கியில் நேர்ந்தது வேறு. 1952 சூலையில், குளிர்ந்த களத்தில், யூகோசுலாவியாவிடம் 1-10 எனத் தோற்றது இந்தியா. அதன்பின் காலணி கட்டாயமாக்கப்பட்டது. இதனையும் ஒரு வீழ்ச்சியாகக் கருதுவோர் உளர், உண்மை அதுவன்று. ஈரக் களத்தில் வெறுங்கால் வழுக்கும் என்பதை உணர்ந்து, மழைக்காலத்தில் காலணி அணிந்து ஆடிய கல்கத்தா முகமதன் அணி 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை அந்நகரத்துக் கூட்டுப் போட்டியை வென்றிருந்தது. பயிற்றுநர் சையத் அப்துல் இரகீமின் கீழ்க் காலணியுடன் ஆடிய இந்திய அணி 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962இல் சகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என வென்று ஆசியத் தங்கம் கொண்டது. அவ்விறுதியாட்டத்தில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராசு. 1960 உரோம் ஒலிம்பிக் அணியில் தமிழ்நாட்டு வீரர் சைமன் சுந்தரராசும் இருந்தார். ஆட்டத்துக்கேற்ற கால், காலுக்கேற்ற பயிற்சி என்று ஒருவர் பத்தாண்டுக்கு மேல் விடாது உழைத்தபோதுதான் வெற்றி வந்தது.

மணலில்லா நாடுகளின் வெற்றி

கடற்கரைக் கால்பந்தை ஃபிஃபா 2005இல் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு கோப்பகபானாவில் நடந்த முதல் ஃபிஃபா உலகக் கோப்பையை, எரிக் கந்தோனா பயிற்றுவித்த பிரான்சு அணி வென்றது. போர்ச்சுகலோடு சமன் செய்து நேருதைகளில் பெற்ற வெற்றி அது. சொந்த மணலில் பிரேசில் மூன்றாம் இடத்தோடு அமைய வேண்டியதாயிற்று. 2006 முதல் 2009 வரை நான்கு முறை தொடர்ந்து வென்று பிரேசில் அதற்கு ஈடுகட்டிக்கொண்டது. 2005 முதல் 2025 வரை நடந்த 13 உலகக் கோப்பைகளில் பிரேசில் ஏழு, உருசியா மூன்று, போர்ச்சுகல் இரண்டு, பிரான்சு ஒன்று என வெற்றிகள் பகிரப்பட்டுள்ளன.

இப்பட்டியலில் வியப்பூட்டும் பெயர் உருசியா. ஆண்டில் பாதி உறைபனியில் கிடக்கும் நாடு, 2011இல் இத்தாலியின் இராவென்னாவில் பிரேசிலை 12-8 என வென்றது. 2013இல் சுபெயினை வென்றது. 2021இல் மாசுகோவில் சப்பானை வென்று மூன்றாம் முறை கோப்பை கொண்டது. கூரையிட்ட அரங்குகளில் மணலைக் கொட்டிக் குளிர்காலத்திலும் பயின்றனர். ஆண்டுதோறும் உள்நாட்டுப் போட்டி நடத்தினர்.

உருசியாவுக்காவது கடல் உண்டு. சுவிட்சர்லாந்துக்கு அதுவும் இல்லை. நாற்புறமும் மலையும் நிலமும் சூழ்ந்த அந்நாடு 2009இல் துபாயில் இறுதியாட்டம் வரை வந்து பிரேசிலிடம் 5-10 எனத் தோற்றது; 2021இல் மூன்றாம் இடம் பெற்றது. கடலில்லாப் பராகுவே 2019இல் உலகக் கோப்பையையே நடத்திக் காட்டியது. கடலில்லாப் பெலாரசு 2025இல் இறுதியாட்டத்தில் பிரேசிலோடு மோதி 3-4 என ஒரே கோலில் கோப்பையை இழந்தது. இவர்கள் மணலை வண்டியில் ஏற்றிக் கொணர்ந்து கொட்டியவர்கள். மணல் வாய்த்தவர்க்கே இவ்வாட்டம் என்று எண்ணியிருந்தோர்க்கு இவ்வரிசை தக்க விடை.

மணல் வாய்த்த சிறு நாடொன்றும் நாம் கற்கத்தக்க பாடம் தருகிறது. பசிபிக் பெருங்கடலில், ஏறத்தாழ 1,90,000 மக்கள் வாழும் தீவு தாகித்தி. 2011இல்தான் முதன்முதலாக உலகக் கோப்பையில் ஆடியது. 2013இல் தன் தலைநகர் பப்பீத்தேயிலேயே கோப்பையை நடத்தி நான்காம் இடம் பெற்றது. 2015, 2017 ஆகிய இருமுறையும் இறுதியாட்டம் வரை சென்றது. பெருங்களக் கால்பந்தில் உலகின் முன்னணி நாடுகளோடு ஒப்பிட இயலாத ஒரு தீவு, மணலில் உலகின் இரண்டாவது அணியாக நின்றது. தன் வலிமை எங்கே என்று தேர்ந்து, அதில் இடைவிடாது முயன்றமையே காரணம்.

ஆசியாவில் ஈரானும் சப்பானும் முன்னிற்கின்றன. ஈரான் 2017இல் உலக அளவில் மூன்றாம் இடம் பெற்றது. பிரேசிலில் பிறந்து சப்பானியக் குடியுரிமை பெற்ற ஓசு மொரெய்ரா, 2019 உலகக் கோப்பையின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றார். 2021இல் அவரே பயிற்றுநரும் வீரருமாக நின்று சப்பானை இறுதியாட்டம் வரை நடத்திச் சென்றார். அரபிக்கடலின் அக்கரையில் உள்ள ஓமான் 2015இல் ஆசியக் கோப்பையை வென்றது. இவ்வணிகள் எல்லாம் 2006இல் ஆசியப் போட்டி தொடங்கிய காலத்தை ஒட்டியோ சற்றுப் பின்னரோ இத்துறையில் புகுந்தவை. 2007இல் புகுந்த இந்தியா காலத்தால் அவற்றுக்குப் பெரிதும் பிந்தியதன்று.

பதினெட்டு ஆண்டுகள்

2007இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியப் போட்டியில் இந்திய அணி பங்கேற்றது, அமீரகமே வென்றது. முதன்முறை புகும் அணி தோற்பது இயல்பு. தோற்றபின் மறு ஆண்டும் செல்வதே வரலாற்றைத் தொடங்கும் வழி. அது நடைபெறவில்லை. மாநிலங்களுக்கு இடையிலான தேசியப் போட்டி இருந்திருப்பின், அணி ஒன்று கலைந்தாலும் அடுத்த அணி உருவாகியிருக்கும். அத்தகைய தேசியப் போட்டியை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு முதன்முதலாக நடத்தியது 2023இல்தான். ஃபிஃபா இவ்வாட்டத்தை ஏற்றுப் 18 ஆண்டுகள் கழிந்த பின்னர்!

குசராத்து மாநிலம் சூரத்தின் துமாசுக் கடற்கரையில் நடந்த அப்போட்டியில் கேரளம் வென்றது. கடற்கரை நெடுகக் கால்பந்து ஆடும் மாநிலம் வென்றதில் வியப்பில்லை. இறுதியாட்டத்தில் கேரளத்தை எதிர்த்தது எது? கடலையே காணாத பஞ்சாப். சுவிட்சர்லாந்தும் பெலாரசும் உலகுக்குச் சொன்ன செய்தியைப் பஞ்சாப் நமக்கு உள்நாட்டிலேயே சொல்லிவிட்டது. அதே ஆண்டு கோவாவில் நடந்த தேசிய விளையாட்டுகளிலும், 2025 மே திங்களில் தியூவில் நடந்த கேலோ இந்தியா கடற்கரை விளையாட்டுகளிலும் இவ்வாட்டம் இடம்பெற்றது.

2023இல் உள்நாட்டில் ஓர் அடித்தளம் இடப்பட்ட பின்னரே 2025 மார்ச்சில் தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்தியா திரும்பியது. பதினாறு அணிகள் ஆடிய அப்போட்டியில் இந்தியா பிரிவுச் சுற்றைக் கடக்கவில்லை. ஈரான் வென்றது, ஓமான் இரண்டாம் இடம் பெற்றது. அவ்விரு நாடுகளும் சப்பானும் அடுத்த திங்களின் முடிவில் செசெல்சுக்குப் புறப்பட்டன. தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து, பிள்ளையாருக்குக் கோயிலும் எழுப்பியிருக்கும் அத்தீவு நாட்டில் நடந்த உலகக் கோப்பை, ஆப்பிரிக்கக் கண்டத்துக்குக் கிடைத்த முதல் கடற்கரைக் கால்பந்து உலகக் கோப்பை. இந்தியப் பெருங்கடலில் நடந்த அவ்விழாவில் இந்தியாவுக்கு இடமில்லை.

1950ஐயும் 2007ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒற்றுமை புலனாகும். முன்னதில் கிடைத்த வாய்ப்பின் மதிப்பு அறியப்படவில்லை. பின்னதில் எடுத்த அடி தொடரப்படவில்லை. இரண்டிலும் வீரனின் காலில் குறையில்லை.

நம் கரை

இவற்றையெல்லாம் சீர்காழியில் அமர்ந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. கொள்ளிடம் கடலொடு கலக்கும் பழையாறு தொடங்கித் திருமுல்லைவாசல், பூம்புகார், வானகிரி, தரங்கம்பாடி எனத் தெற்கே நீளும் கரை எங்கும் மாலை வேளையில் இளைஞர் பந்தாடுவதைக் காணலாம். நட்ட இரு கம்புகளே கோல். படகுக்கும் வலைக்கும் இடையே எஞ்சிய இடமே களம். 2004 ஆழிப்பேரலை இக்கரையைச் சூறையாடியபின் மணலை அஞ்சி விலகிய தலைமுறையின் பிள்ளைகள் இன்று அதே மணலில் ஓடுகின்றனர். இவர்கள் ஆட்டம் எங்கேயும் பதிவாவதில்லை. எந்தத் தேர்வாளர் கண்ணிலும் படுவதில்லை. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் கடல் தொழில் முழுதாக இழுத்துக்கொள்ள, அத்தோடு முடிந்துவிடுகிறது.

முடியாமல் தொடர்ந்த இடங்களும் தமிழ்நாட்டில் உண்டு. குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து மீனவ ஊர்கள் சந்தோசுக் கோப்பை அணிகளுக்கு வீரர்களை அனுப்பியவை. நமக்கு வடக்கே கடலூரில் பெண்கள் கால்பந்து வேரூன்றி, இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணி வரை சென்றார். 2018இல் தமிழ்நாட்டு மகளிர் அணி தேசிய வாகை சூடியபோது அவரும் அதில் இருந்தார். கடலூருக்கும் சீர்காழிக்கும் இடையே மணலின் தன்மையில் வேறுபாடு என்ன? அங்கே பயிற்றுவிப்போரும் ஒழுங்கான போட்டிகளும் இருந்தன.

கடற்கரைக் கால்பந்துக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. புல்தரை வேண்டா, காலணி வேண்டா, அணிக்குப் பத்துப் பன்னிருவர் போதும். வேண்டுவது நாள்காட்டி ஒன்றே. அந்நாள்காட்டியும் இக்கரைக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது என்பது நம் கருத்து. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள், மீன்வளம் காக்கும்பொருட்டு விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. படகுகள் கரையில் நிற்கும் அந்நாட்களில் இளைஞர் ஊரில் இருப்பர். பள்ளி, கல்லூரிகளுக்கும் பெரும்பாலும் விடுமுறை. வெயில் தாழ்ந்தபின் ஊருக்கு ஓர் அணி என ஆடினால், மயிலாடுதுறை மாவட்டக் கரையிலேயே ஒரு முழுமையான சுற்றுப் போட்டி நடத்தலாம். கல்லூரிகளின் உடற்கல்வித் துறையினர் நடுவர்களாக அமையலாம். வென்ற ஊரின் பெயரும் ஆடியவர் பெயரும் ஆண்டுதோறும் ஏட்டில் பதியப்பட வேண்டும். மறு ஆண்டு அதே நாளில் மீண்டும் தொடங்க வேண்டும்.

களத்துக்குரிய மணலும் குறைந்து வருகிறது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கடலரிப்பைத் தடுக்கப் பூம்புகாரிலும் தரங்கம்பாடியிலும் கருங்கற்கள் கொட்டப்பட்டுள்ளன. கல் கொட்டிய இடத்தில் பந்தாட முடியாது. ஆகவே கிடைக்கும் மணலை இப்போதே பயன்கொள்ளுதல் அறிவுடைமை.

இந்திய அணி மீண்டும் ஆசியப் போட்டிக்குச் செல்லும்போது அதில் கேரளத்தாரும் கோவாவினரும் பஞ்சாபியரும் இருப்பர். அவர்களோடு வானகிரியிலிருந்தோ திருமுல்லைவாசலிலிருந்தோ ஒருவர் நிற்பது நடவாத ஒன்றன்று. அதற்கு வெறுங்காலின் பழம்பெருமையைப் பேசுவது உதவாது. வருகிற தடைக்காலத்தில் நான்கு ஊர்கள் சேர்ந்து ஒரு போட்டி நடத்தினால் உதவும்; அதற்கடுத்த ஆண்டும் நடத்தினால் இன்னும் உதவும். இக்கரையூர்களில் உறவும் நட்பும் உடைய நண்பர்கள் இதனை முன்னெடுத்தால் உடன்வர ஆயத்தமாக உள்ளோம்.